ஒட்டகம்தான் என்று சொன்னவள்

இன்று காலை ஸ்டேஷனில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் பின்வருமாறு. சப்-இன்ஸ்பெக்டர் சிவபிரகாஷ் நாற்காலியில் இருந்தார். இதை எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டம்மா யுவராணி ஜன்னலோரம் இருந்தார். புகார் கொடுத்த முத்துக்கிருஷ்ணன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர், செம்பட்டி ரோட்டில் மாடி வீடு கட்டுகிறவர், பெஞ்சில் இருந்தார். அந்த வீட்டைக் கட்டும் மேஸ்திரி மலைச்சாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவரிடம் சித்தாள் வேலை பார்க்கும் பேச்சாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என் மருமகள் நான்சி எனக்கு வலது பக்கம் நின்றாள். என் வீட்டுக்காரர் எனக்கு இடது பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்து ஒரு படம் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் இருப்பது யார் என்பதுதான் கேள்வி. எல்லார் பெயரையும் முதலில் சொல்வதற்குக் காரணம், நாளைக்கு இவர்களில் ஒருவர்கூட அந்தப் பதில் காதில் விழவில்லை என்று சொல்லக் கூடாது என்பதுதான்.

என் பெயர் ஆனந்தமேரி. வயது எழுபத்தொன்று. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு வேண்டாம். கணவர் பெயர் என்ன என்று ஏட்டம்மா கேட்டார். கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டைக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். எங்கள் பொன்விழாப் பூசையில் கல்யாண வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது, கணவர் பெயரைச் சொல்லுங்கள் என்று சாமியார் சொன்ன இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன். “கார்டப் பாத்து எழுதிக்கிடவா பாட்டிம்மா?” என்று ஏட்டம்மா கேட்டார். வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்றேன். விட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் நூல் மில்லில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின் விஷயத்தில் அவர் கையை யாரும் குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் படம் வரைய ஆரம்பித்தார். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடித்து மீந்த எனாமல் பெயிண்டும், ஆசாரி விட்டுப்போன பிளைவுட் துண்டும்தான் அவருக்குச் சாமான். கொல்லையில் நான் விறகு போட்டிருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து அதில் உட்கார்ந்துகொண்டார். என் விறகு அன்றிலிருந்து மழையில் நனைகிறது.

முதலில் மில் மேனேஜரை வரைந்து, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் கூடப் போனேன். மேனேஜர் படத்தைத் தூரத்தில் வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்துவிட்டு, “எங்க அப்பாவா? அவர நீங்க எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “நீங்கதான் சார். சின்ன வயசு போட்டோவப் பாத்து வரைஞ்சது, அதான் அப்படித் தெரியிது” என்று நான்தான் சொன்னேன். மேனேஜர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அந்த அம்மாவிடம் நான் அதன்பிறகு பேசவில்லை. அந்த அம்மா இறந்தபோது துக்கத்துக்குப் போனேன். அப்போதும் பேசவில்லை.

அதன்பிறகு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒன்றுக்குப் போவதைத் தடுப்பதற்காக, சுவரில் மூன்று மதத்துக்கும் பொதுவாக மாதா, பிள்ளையார், பள்ளிவாசல் என்று வரைந்தார். மறுநாள் காலையிலேயே ஓர் ஆள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். “ஏலே, சாமி இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்று கத்தினேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உண்மையாகவே குனிந்து பார்த்தார். “சாமியா? சத்தியமாத் தெரியாதுத்தா. புனலு, பூசணிக்கா, இட்லிச் சட்டி... மளிகைக்கட விளம்பரமாக்கும்னுல்ல நெனச்சேன்” என்றார். அவர் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அதன்பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு, யாரும் கேட்காமலே, கோவில் குடிலுக்குப் பின்னால் கட்டும் திரையில் ஞானிகள் மூவரும் ஒட்டகத்தில் வருவதாக வரைந்து கொடுத்தார். பின்னணியில் பெத்லகேம் மலைக்குப் பதிலாக நம்மூர் மலைக்கோட்டை இருந்தது. அதை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன், அவர் பார்த்த மலை அதுதான். பங்குச்சாமியார் வந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இந்த ஆட்டுக்கெல்லாம் முதுகுல என்ன கட்டி?” என்று கேட்டார். திரை கட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் ஏணியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை வேட்டியில் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தார். நான் பீடத்துக்கு முன்னால், நற்கருணை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, “அது ஒட்டகம்தான் சாமி. எங்க அண்ணன் ராஜஸ்தான்ல இருந்தப்ப நான் நேர்ல பாத்திருக்கேன். இப்படித்தான் இருக்கும்” என்று சொன்னேன். எனக்கு அண்ணன் கிடையாது. வடக்கே நான் போனதில் கடைசி ஊர் வேடசந்தூர். அந்த ஞாயிற்றுக்கிழமை, பொய் சொன்ன வாயோடு, நான் நற்கருணை வாங்கப் போகவில்லை. திரையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஜிகினா நட்சத்திரம் ஒட்டிக்கொண்டார்கள். ஏணியில் நின்று சிரித்த பையன்களில் ஒருவனுக்குப் பிற்பாடு கல்யாணம் நடந்தது, பத்திரிகை வைத்தார்கள், நான் போகவில்லை.

அதன்பிறகு மதுரையில் ஏதோ ஓவியப் போட்டி என்று கேள்விப்பட்டு ஒரு படத்தைப் பஸ் பார்சலில் அனுப்பினார். அனுப்பியது ஒன்று, திரும்பி வந்தது இரண்டு. வேறு யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன படத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த இன்னொரு படத்தை நான்சி எடுத்து ஹாலில் மாட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. நான் கழற்றிவிட்டேன்.

போன வருஷம் மே மாதம் எங்கள் கல்யாணப் பொன்விழா. அதற்குச் சில நாள் முன்னால் என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து, “மேரி, பொன்விழாவுக்கு உன்னைய வரையப் போறேன். கோவில் வாசல்ல வச்சிருவோம். செத்த நேரம் அசையாம உக்காரு” என்றார். நான் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை, பாக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது, அதைக் கட்டிக்கொண்டு முருங்கை நிழலில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். செத்த நேரம் என்றது ஒரு வாரமாக இழுத்தது. நிழல் நகர்ந்து போகும், என்னை நகர விட மாட்டார். சிரிக்கட்டுமா என்று கேட்டேன். “வேணாம், பல்லு எனக்கு வராது” என்றார். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு தீயும் வாடை வந்தும் எழுந்திருக்க விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என் முகத்தை அம்புட்டு நேரம் பார்த்தது கிடையாது. தட்டில் சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தைப் பார்ப்பார், பேப்பரைப் பார்ப்பார். என் இடது காது மடல் கிழிந்திருப்பதை அந்த வாரம்தான் பார்த்துவிட்டு, “இது எப்ப ஆச்சு?” என்று கேட்டார். நீங்கள் பெண் பார்க்க வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அவர் கூப்பிடாமலே, நானாகத் தலை வாரிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இதை எழுத வேண்டாம் என்று ஏட்டம்மாவிடம் சொன்னேன். எழுதிவிட்டார். இருக்கட்டும்.

பொன்விழாவுக்கு முந்தின நாள் படத்தைக் காட்டச் சொன்னேன். “கரையான் அரிச்சிருச்சு மேரி” என்றார். எனாமல் பெயிண்டையா என்று கேட்டேன். “பசிச்ச கரையான்” என்றார். கோவில் வாசலில் நான்சி அடித்துக் கொண்டுவந்த பிளக்ஸைக் கட்டினார்கள். அதில் என் முகத்தைப் பால் மாதிரி வெள்ளையாக்கியிருந்தார்கள். என் சொந்தத் தங்கச்சியே பக்கத்தில் வந்து நின்று, யாருக்கா இந்தப் பொம்பள என்று கேட்டாள். விருந்து முடிந்த பிறகு நான் கொட்டகையில் மூலைக்கு மூலை கரையான் மருந்து தெளித்தேன். தரையைக் கடப்பாரையால் கொத்திப் பார்த்தேன். ஒரு கரையான்கூட அகப்படவில்லை. அவருக்குப் பாவம் எவ்வளவு வருத்தமோ என்று நினைத்து, அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். தூரத்தில் இருக்கிறதைப் பார்க்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். “மாமா பவுடரெல்லாம் போட்டுட்டுப் போறாரு அத்தே. எந்த டாக்டரம்மாவோ?” என்று நான்சி சொன்னாள். வாயைக் கழுவுடி என்றேன். ஆனாலும் அவர் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். சிமெண்டு வாடை அடித்தது. கண் ஆஸ்பத்திரியில் ஏது சிமெண்டு என்று மனசில் பட்டது. கேட்கவில்லை.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான்சியின் சித்தி வீட்டுத் துக்கத்துக்காக நானும் நான்சியும் செம்பட்டி பஸ்ஸில் போனோம். முன்சீட்டில் ஒரு பெண்ணின் மடியில் ஒரு குழந்தை திண்டுக்கல்லிலிருந்து அழுதுகொண்டே வந்தது. செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் கட்டிக்கொண்டிருக்கும் மாடி வீட்டைக் காட்டி, “அந்தா பாரு பூச்சாண்டி. அழுதேன்னா புடிச்சுக்கிரும்” என்று அந்தப் பெண் சொன்னாள். குழந்தை பார்த்ததும் கப்பென்று வாயை மூடியது. நல்ல பிள்ளை என்று நானும் அதன் தலையைத் தடவினேன். குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, டிரைவர் பிரேக் போடுகிற மாதிரி அலறியது. அதன்பிறகுதான் நான் ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்த்தேன்.

கட்டுகிற வீட்டுக்குக் கண் படாமல் இருக்கக் கோரைப்பல் வைத்த ராட்சச முகம் ஒன்றை முன்னால் மாட்டுவார்கள். அந்த இடத்தில், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றுக்குக் கீழே, நான் தொங்கிக்கொண்டிருந்தேன். பாக்கு நிறச் சுங்குடி இருந்தது. இடது காது கிழிசல் இருந்தது. கன்னத்தில் எண்ணெய் தெறித்த வடு இருந்தது. தாலிச் செயினில் நான் மாட்டும் ஊக்கு, துருப்பிடித்தது உள்பட இருந்தது. என் வீட்டுக்காரர் அதுவரை வரைந்த எதுவும் எதைப் போலவும் இருந்ததில்லை. இது என்னைப் போலவே இருந்தது. பல்லோ கொம்போ ஒன்றும் சேர்க்கவில்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது. நான்சி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். “சிரிக்கிறியாடி?” என்று கேட்டேன். “இல்லத்தே, பயமா இருக்கு” என்றாள். அதை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து அந்த வீட்டுக்குப் போனோம். மேற்படி பேச்சாயி தலையில் சிமெண்டுச் சட்டியோடு வந்தவள் என்னைப் பார்த்து, “ஆத்தாடி! மேஸ்திரி, படத்துல உள்ளது எறங்கி வந்துருச்சு!” என்று சட்டியைக் கீழே போட்டாள். மேஸ்திரி மலைச்சாமி வந்தார். அந்தப் படம் ஏது என்று கேட்டேன். “மில்லுக்கார அண்ணன் குடுத்தாருத்தா. அவரு வீட்டுத் தளம் ஒழுகுதுன்னு பாக்கப் போயிருந்தேன். கொட்டகைல காயப்போட்டிருந்தாரு. பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. அண்ணே, இம்புட்டு வருஷ வேலைல இப்படி ஒரு திருஷ்டிப் படம் பாத்ததில்ல, குடுங்கண்ணேன்னேன். ஒடனே சாக்குல சுத்திக் குடுத்துட்டாரு. சனிக்கெழம ஆனா வந்து, எதுத்த டீக்கடைல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காரு” என்றார். அதன்பிறகு என் காதைப் பார்த்தார், படத்தின் காதைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார். “நான் வந்தப்ப நீங்க கோவிலுக்குப் போயிருந்தீங்க போல. நல்ல ராசித்தா. ஆயக்குடி கொய்யாத் தோட்டத்துக்காரரு ஒருத்தர் இதப் பாத்துட்டு, கிளிய வெரட்டன்னு இன்னொண்ணு வரையச் சொல்லி வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ஒரு கிளி அண்டலையாம்” என்றார். அந்த இரண்டாவது படத்துக்கு நான் உட்காரவே இல்லை. நான் அடுப்படியில் இருக்கும்போது, கொட்டகையில் என்னை மனசிலிருந்தே வரைந்திருக்கிறார்.

படத்தைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். நாளைக்குப் போர்டிகோவுக்குக் காங்கிரீட் போடுகிறோம், முடிந்த பிறகு தருகிறேன் என்று மேஸ்திரி சொன்னார். கீழே கிடந்த சவுக்குக் கம்பை எடுத்து நானே கயிற்றை நெம்பினேன். படம் மணல் குவியலில் மல்லாக்க விழுந்தது. சேதமில்லை. துக்கத்துக்குப் போகவில்லை. காலிச் சிமெண்டுச் சாக்கில் போட்டு வந்த வழியே பஸ்ஸில் கொண்டுவந்தோம். “சாக்குல என்னத்தா?” என்று கண்டக்டர் கேட்டார். நான்தான் என்றேன். அவர் அதன்பிறகு எங்கள் சீட்டுப் பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் கொட்டகையில் மூன்றாவதாக என்னை வரைந்துகொண்டிருந்தார். யாரோ லாரிக்காரர் கேட்டாராம். அதில் கோரைப்பல் இருந்தது. பல் வராது என்று சொன்னவர், பல்லை நன்றாகவே வரைந்திருந்தார். நான் சாக்கைப் பிரித்து முன்னால் வைத்தேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. “மேரி, இத்தன வருஷமா வரையிறேன். எனக்குக் குடுங்கன்னு கைய நீட்டி ஒருத்தன் கேட்டது இது ஒண்ணுதான். அவன் கேட்டப்ப எனக்கு உன் ஞாபகமே வரல” என்றார். அதன்பிறகு மெதுவாக, “ஆனா நல்லா வந்திருக்குல்ல?” என்று கேட்டார். காது சரியாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு அவருக்குத் தட்டில் சோறு போட்டேன், வெஞ்சனமும் வைத்தேன். அந்த நேரத்தில் அவரை மன்னித்துவிடலாம் என்றுதான் என் மனசில் இருந்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுநாள் மேற்படி வீட்டில் காங்கிரீட் போடும்போது அடியில் தாங்கக் கொடுத்திருந்த முட்டு நழுவிப் போர்டிகோ கீழே இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. நான் படத்தைக் களவாண்டு போனதால்தான் அப்படி ஆனது என்று முத்துக்கிருஷ்ணன் புகார் கொடுத்தார். இன்று காலை எல்லாரையும் இங்கே வரச் சொன்னார்கள். படத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். நான்சி அதைச் சேலையில் மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க சார், இத்தன நாளா ஒரு செங்கல்லு அசையலீங்க. இந்தம்மா கழட்டுன மறுநாளே முட்டு நழுவிப்போச்சுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க, படத்தத் தந்தாப் போதுமுங்க. மறுக்கா காங்கிரீட் போடறதுக்குள்ள மாட்டிப்போடோணுமுங்க” என்று முத்துக்கிருஷ்ணன் சொன்னார். “அது என் மூஞ்சி. என் மூஞ்சிய நான் எடுத்துட்டு வந்தேன். அதுக்குப் பேரு களவா?” என்று நான் கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். அதன்பிறகு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அத்தை மூஞ்சிதான் சார்” என்று நான்சி சொன்னாள். வாசற்படியிலிருந்து பேச்சாயியும், “அந்த ஆத்தாவேதான்யா” என்றாள். “நீங்க சொல்லி ஆகாது, வரைஞ்சவர் சொல்லணும்” என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். என்னைக் கேட்காமல் என் முகத்தைத் தொங்கவிட்டிருந்தால் என்மேல் கேஸ் இல்லை, படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். அது என் முகம் இல்லை, ஒரு ராட்சசப் படம்தான் என்றால், அது முத்துக்கிருஷ்ணன் பொருள், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். எனக்கு அது போதும் என்று பட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

அப்போது மேஸ்திரி மலைச்சாமி, கேட்காமலே, “ஒரு விசயங்கய்யா. தெரிஞ்ச ஆளு மூஞ்சின்னா திருஷ்டிக்கு ஆகாது. யாருன்னே தெரியாத மூஞ்சியா இருந்தாத்தான் பாக்குறவன் மெரளுவான்” என்று சொன்னார். “அப்படிங்களா? அப்ப இந்தம்மா மொகந்தான்னா எனக்கு வேண்டாமுங்க, அவங்களே கொண்டு போகட்டுமுங்க. ஆயக்குடிக்காரருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிப்போடறனுங்க, நம்ம மண்டி லாரிக்காரரும் ஒண்ணு கேட்டிருக்காருங்க, அவருக்கும் சொல்லோணுமுங்க” என்று முத்துக்கிருஷ்ணன் சொன்னார். என் வீட்டுக்காரர் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்து, “பெரியவரே, இது உங்க சம்சாரந்தானே?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கிளாஸைப் பார்த்துக்கொண்டு, “அப்படி ஒண்ணும் இல்லங்கய்யா. பொதுவா ஒரு பொம்பள” என்றார்.

“காது அவங்களுக்குக் கிழிஞ்ச மாதிரியே கிழிஞ்சிருக்கே?” என்று சப்-இன்ஸ்பெக்டர் இரண்டாவது தடவை கேட்டார். “அது பிரஷ்ஷு இழுத்துக்கிருச்சுங்கய்யா” என்றார்.

மூன்றாவது தடவை, “பொன்விழாக் கொண்டாடுன மனுசன், யோசிச்சுச் சொல்லுங்க. யாரு இது?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார். மேனேஜர் வீட்டிலும் குடிலுக்கு முன்னாலும் தரையைப் பார்த்தவர், இந்தத் தடவை நேராகப் பார்த்தார். “கற்பனைங்கய்யா. முழுக்க என் சொந்தக் கற்பனை” என்றார்.

ஆண்டவரைத் தெரியாது என்று சீடர் மூன்று தடவை சொன்ன வாசகத்தை, வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர் அவர். அவருக்கு நான் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகு படத்தை மேஸ்திரி மலைச்சாமி தோளில் தூக்கினார். வாசலைத் தாண்டும்போது பேச்சாயி எழுந்து கும்பிட்டாள். படத்தைக் கும்பிட்டாளா, பின்னால் நின்ற என்னைக் கும்பிட்டாளா தெரியவில்லை. முத்துக்கிருஷ்ணன் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கைக்குத் தனி ராசிங்க” என்று சொல்லிப் போனார். அவர் சிரித்தார். கிளாஸில் மீதி இருந்த டீயை எடுத்துக் குடித்தார். நான்சி என் கையைப் பிடிக்க வந்தாள், விடச் சொன்னேன். வீட்டுக்குப் போக வேண்டாமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். என் வாக்குமூலத்தை எழுதாமல் போக மாட்டேன் என்று சொல்லி இந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

முத்துக்கிருஷ்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு அவர் வீடு. மேஸ்திரி மேல் இல்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்து அலறிய குழந்தை மேல் இல்லவே இல்லை. அந்தப் படத்தில் இருப்பது நான்தான் என்று உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அது. நான்சி சிரித்ததை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன், அது எங்கள் வீட்டு விஷயம். சுவரை மளிகைக்கடை என்று சொன்ன ஆளையும், கட்டி என்று சொன்ன சாமியாரையும், வாயைப் பொத்திய மேனேஜர் சம்சாரத்தையும் இன்றோடு விட்டுவிட்டேன். அவர்கள்மேல் அத்தனை வருஷம் நான் கோபமாக இருந்தது யாருக்காக என்று இப்போது யோசிக்கும்போது அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. கோவிலுக்குள் நின்று, விளக்கு எரியும்போது, அவருக்காக அது ஒட்டகம்தான் என்று நான் ஒரு பொய் சொன்னேன். எனக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்து ஓர் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மேலே எழுதியதை ஏட்டம்மா ஒருமுறை உரக்கப் படித்தார். இரண்டு இடத்தில் என் சொல்லை மாற்றி மரியாதையாக எழுதியிருந்தார், நான் சொன்னபடியே திருத்தச் சொன்னேன், திருத்தினார். யாரும் சொல்லிக் கொடுத்து இதை நான் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான், இதில் என் கற்பனை எதுவும் கிடையாது. என் கையால் ஆனந்தமேரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏட்டம்மா, ஆரம்பத்தில் கணவர் பெயருக்குக் காலியாக விட்ட இடத்தில் இப்போது எழுதிக்கொள்ளுங்கள். நான் மன்னிக்காத ஆளும் அவர் ஒருவர்தான். இனி இந்தப் பெயரைச் சொல்ல என் வாய்க்குக் கூச்சம் இல்லை. பாஸ்கல்.